பக்கெட்டுக்கு அஞ்சு குவார்ட்டர்

என் கையெழுத்துக்காக முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். மேடு பள்ளத்தில் ஓடுகிற ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்து எழுதியதுபோல இருக்கும். வீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்துதான் எழுதுகிறேன். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. சின்ன ர எங்கே வரும், பெரிய ற எங்கே வரும் என்பதில் இன்றைக்கும் சந்தேகம் உண்டு. தப்பு இருந்தால் நீங்களே திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

எழுதச் சொன்னது என் மகள். "நீ வாயத் தொறந்து சொல்ல மாட்டே, எழுதியாவது வை" என்றாள். அவள் சொல்வது நிஜம்தான். பஸ்ஸில் "இறங்கணும்" என்று சத்தம் கொடுக்கக் கூச்சப்பட்டு, வேறு யாராவது இறங்குகிற ஸ்டாப்பிங்கில் கூடவே இறங்கி நடந்து வருகிற ஆள் நான். ஒருமுறை மாமல்லபுரத்தில் இறங்க வேண்டியவன் கல்பாக்கம் வரை போயிருக்கிறேன்.

மாமல்லபுரத்தில் ஒரு லாட்ஜில் பல வருடம் ரூம் கழுவினேன். முட்டி தேய்ந்த பிறகு அந்த வேலையை விட்டுவிட்டு, கழுவுகிறவர்களுக்கு வேண்டிய பினாயிலை வீட்டிலேயே தயாரித்து லாட்ஜ்களுக்குக் கொடுக்க ஆரம்பித்தேன். அதற்குச் செங்கல்பட்டில் ஒரு வாரப் பயிற்சி இருந்தது. பாடம் எடுத்தவர் ஒரு கெமிஸ்ட்ரி டீச்சர்.

முதல் நாள் முழுக்க அளவுதான். "கிலோங்கிறது எடை. லிட்டர்ங்கிறது எவ்வளவு இடம் பிடிக்குதுங்கிற கணக்கு. ரெண்டும் ஒண்ணு இல்ல" என்றார் டீச்சர்.

செய்யூர் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் கையைத் தூக்கினார். "கடையில நூறு கிராம் எண்ணெ குடுன்னுதானே டீச்சர் கேக்கறோம்?"

"கேக்கறது கிராம். அவரு ஊத்திக் குடுக்கறது மில்லி. உங்க ரெண்டு பேருக்கும் அது தெரியாததால சண்டை வரல."

பிறகு ஒரே மாதிரி மூன்று கேன்களைத் தராசில் வைத்துக் காட்டினார். ஒன்றில் ஒரு லிட்டர் தண்ணீர், ஒன்றில் ஒரு லிட்டர் எண்ணெய், ஒன்றில் ஒரு லிட்டர் ஆசிட். எண்ணெய் லேசாக இருந்தது. ஆசிட் கனத்தது. லாட்ஜில் ஆசிட் கேனைத் தூக்கும்போதெல்லாம் எனக்கு வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வேன். ஆசிட்டே கனம்தான் என்று அன்றைக்குத் தெரிந்ததும் மனதுக்கு ஆறுதலாக இருந்தது.

கடைசியில் விஷயத்துக்கு வந்தார். பினாயில் காம்பவுண்டு என்று பழுப்பு நிறத்தில் கெட்டியாக ஒரு திரவம் விற்கிறார்கள். பெரிய பெயிண்ட் பக்கெட் நிறையத் தண்ணீருக்கு அதில் தொள்ளாயிரம் மில்லி ஊற்றிக் கலக்கினால் வெள்ளைப் பினாயில் ஆகிவிடும். "தொள்ளாயிரம் மில்லியை வீட்ல எதால அளப்பீங்க?" என்று கேட்டார். ஒருவரும் பேசவில்லை. நான் எப்போதுமே பேசுவதில்லை.

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "அஞ்சு குவார்ட்டர் டீச்சர்."

எல்லோர் முகத்திலும் பல்பு எரிந்த மாதிரி இருந்தது. டீச்சர் கொஞ்ச நேரம் அந்த ஆளையே பார்த்தார். பிறகு போர்டில் நூற்றெண்பதை ஐந்தால் பெருக்கினார். சரியாகத்தான் வந்தது. அவரும் விடவில்லை. "சரி, நாலு குவார்ட்டர் சேர்ந்தா ஒரு ஃபுல்லா?"

"ஆமா டீச்சர்" என்று வகுப்பே சொன்னது.

"இல்ல. ஃபுல் எழுநூத்தி ஐம்பது. நாலு குவார்ட்டர் எழுநூத்தி இருபது. முப்பது மில்லி உதைக்குது பாருங்க."

அதற்குப் பிறகு அன்றைக்குப் பாடம் ஒருவர் தலையிலும் ஏறவில்லை. எனக்குப் பக்கத்தில் இருந்தவர் தலையில் கை வைத்துக்கொண்டு, "இத்தினி வருசமா நாலு நாலாத்தான் வாங்கிகினு இருந்தேன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார்.

எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை. கடையில் கையை நீட்டிக் கேட்கக் கூச்சம், அவ்வளவுதான்.

முதலில் முறைப்படி அளவு ஜாடியே வாங்கப் போனேன். கடைக்காரர் "கண்ணாடியா, பிளாஸ்டிக்கா? எத்தனை மில்லி? எந்தக் காலேஜுக்கு?" என்று ஒரே மூச்சில் கேட்டார். காலேஜ் என்ற வார்த்தை காதில் விழுந்ததும், "அப்புறம் வரேங்க" என்று வெளியே வந்துவிட்டேன். நேராகக் காயலான் கடைக்குப் போய்க் காலி குவார்ட்டர் பாட்டில் இருக்குமா என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "குடிச்சிட்டு விக்கிறவனப் பாத்துகீறேன். வெறும் பாட்டில வாங்க வந்தவன இப்பத்தான் பாக்கறேன். இன்னா அண்ணாத்த, வாசனை புடிக்கவா?"

பாட்டில்களைக் கழுவிக் காயவைத்தேன். ஊற்றும்போதே எண்ணினால் பாதியில் எண்ணிக்கை மறந்துவிடும் என்பதால், காம்பவுண்டை முன்கூட்டியே பாட்டில்களில் விளிம்பு வரை நிரப்பி மூடி, ஐந்து ஐந்தாக வரிசையில் வைத்துவிடுவேன். ஒரு வரிசை ஒரு பக்கெட். பார்க்கப் பிராந்தி மாதிரியே இருக்கிறது என்று என் மனைவிக்கு ஆரம்பத்திலிருந்தே முணுமுணுப்புதான்.

பினாயில் நன்றாகவே போனது. லாட்ஜ்களில் "உன் சரக்கு செம ஸ்ட்ராங்கு" என்றார்கள். கண் எரிகிறது என்று இரண்டு பேர் சொன்னதையும் நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

இப்படி இருக்கும்போது மகளுக்கு வரன் கூடி வந்தது. கூடி வந்தது என்று நாங்கள் சொல்கிறோம், அவளே கூட்டி வந்தது. பையன் அவளோடு ஒரே ஐடி கம்பெனியில் வேலை பார்க்கிறவன். அவன் அப்பாவுக்கு அணு ஆராய்ச்சி செய்கிற இடத்தில் கெமிஸ்ட்ரி லேபில் வேலை. அவர்களுக்கு ஜாதகம் வேண்டாம், நகை வேண்டாம். பையனின் அம்மாவுக்கு மட்டும் ஒரே ஒரு நிபந்தனை. குடிக்கிற வீட்டில் சம்பந்தம் கிடையாது. சொந்தத் தம்பியால் பட்டது போதும் என்று சொல்லிவிட்டாராம். மகள் தைரியமாகச் சொல்லியிருக்கிறாள்: "எங்கப்பா சோடாவே குடிக்க மாட்டாரு ஆன்ட்டி."

அவர்கள் பெண் பார்க்க வந்த அன்று பின்பக்கத்துக் கொட்டகையில் இரண்டு வரிசை தயாராக இருந்தது. மறுநாள் லாட்ஜுக்கு இரண்டு பக்கெட் கொடுக்க வேண்டியிருந்தது. மனைவி அதன்மேல் ஒரு பழைய புடவையைப் போர்த்தி மறைத்தாள். பினாயில் வாசனை தெரியாமலிருக்க வீடு முழுக்க சாம்பிராணி போட்டாள்.

பையன், அவன் அப்பா, அம்மா, படாளத்திலிருந்து தாய்மாமன். இந்தத் தாய்மாமன்தான் அந்தத் தம்பி. அவருக்குக் கடுமையான சளி, கேசரியில் போட்டது ஏலக்காயா என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டு தின்றார். பிறகு கை கழுவப் பின்பக்கம் போனார். திரும்பி வந்தவர் உட்காரவில்லை. என் மனைவியிடம் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக்கொண்டு, "கொஞ்சம் காத்தாட நடந்துட்டு வரேன்" என்று பின்னாலிருக்கிற சவுக்குத் தோப்புப் பக்கம் போனார். காற்றாட நடக்கிறவருக்குக் கையில் எதற்கு டம்ளர் என்று தோன்றியது. எழுந்து போய்க் கொட்டகையில் பார்த்தேன். புடவை விலகியிருந்தது. ஒரு வரிசையில் ஐந்து, இன்னொன்றில் நான்கு.

அந்த இடத்தில் என் நிலைமையைச் சொல்ல வேண்டும். உள்ளே போய்ச் சொன்னால், சம்பந்தி வீட்டு ஆள் எங்கள் வீட்டில் பாட்டில் எடுத்தார் என்று ஆகும். எங்கள் வீட்டில் எடுப்பதற்குப் பாட்டில் இருந்தது என்றும் ஆகும். மகள் கல்யாணம் அங்கேயே நின்றுபோகும். சொல்லாமல் விட்டால் மனிதர் உயிர் போய்விடும். மூக்கு அடைத்திருப்பதால் வாசனையும் அவரைக் காப்பாற்றாது. முட்டியைப் பிடித்துக்கொண்டு தோப்புக்கு ஓடினேன்.

அவர் ஒரு சவுக்கு மரத்தில் சாய்ந்து நின்று, டம்ளர் தண்ணீரில் பாட்டிலைச் சாய்த்துக்கொண்டிருந்தார். காம்பவுண்டு தண்ணீரில் விழுந்ததும் பால் மாதிரி வெளுத்தது. அவர் டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். என்னைப் பார்த்ததும் வெட்கப்படவே இல்லை. "வா அண்ணாத்த. இது இன்னா சரக்கு, தண்ணி ஊத்துனா பாலாவுது? ஃபாரினா?" என்று கேட்டுக்கொண்டே வாய்க்குக் கொண்டுபோனார்.

"அது பினாயிலு" என்று கத்தினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சத்தமாக நான் எதையும் சொன்னதில்லை. தோப்பில் இருந்த காக்கையெல்லாம் கிளம்பிவிட்டது. அவர் கையிலிருந்த டம்ளரைத் தட்டியும் விட்டேன். பாட்டில் மட்டும் எப்படியோ என் கைக்கு வந்துவிட்டது.

சத்தம் கேட்டு வீட்டிலிருந்து எல்லோரும் வந்துவிட்டார்கள். அவர்கள் பார்த்தது இதுதான். மரத்தடியில் நானும் தாய்மாமனும். கீழே டம்ளர். என் கையில் திறந்த குவார்ட்டர்.

பையனின் அம்மா என் மகளைத் திரும்பிப் பார்த்தார். மகள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை எழுத எனக்கு எழுத்துத் தெரியவில்லை.

பேசியாக வேண்டும். முதலில் வாயில் வந்த வாக்கியத்தைச் சொன்னேன். "பக்கெட்டுக்கு அஞ்சு குவார்ட்டர்தாங்க."

"பக்கெட்டுக்கா?" என்றார் பையனின் அம்மா.

என் மனைவி எனக்கு உதவி செய்கிறேன் என்று கொட்டகைக்கு ஓடிப் போய்ப் புடவையை இழுத்து எறிந்து, "நீங்களே வந்து பாருங்கம்மா, இன்னும் ஒம்போது கீது" என்றாள். உதவி என்றால் இப்படித்தான் அவளுக்கு.

பையனின் அப்பாதான் நிதானமாக என் கையிலிருந்த பாட்டிலை வாங்கி முகர்ந்து பார்த்தார். சிரித்தார். "பினாயில்தான்மா. தண்ணியில விழுந்தா வெளுக்கும். உன் தம்பி இன்னும் கொஞ்சத்துல உள்ளுக்குள்ள கழுவி விட்டிருப்பான்." தாய்மாமன் தனக்குச் சம்பந்தமில்லாத மாதிரி மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்.

எனக்கு மூச்சு வந்தது. டீச்சர் சொன்னது, நூற்றெண்பது, தொள்ளாயிரம், ஜாடிக் கடை, காயலான் கடை, லாட்ஜில் கண் எரிகிறது என்றது எல்லாவற்றையும் திக்கித் திக்கிச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே கொட்டகைக்கு வந்து ஒரு முழுப் பாட்டிலை எடுத்துப் பார்த்தார். அளவு என்றதும் லேப் ஆள் ஆகிவிட்டார் போல.

"கணக்கெல்லாம் சரிதான். ஆனா இது நூத்தியெண்பது இல்லீங்களே. நீங்க வாய் வரைக்கும் ரொப்பியிருக்கீங்க. பாட்டில்ல எப்பவும் கொஞ்சம் காலி இடம் விட்டுத்தான் அடைப்பாங்க. ஒவ்வொண்ணுலயும் கூடுதலா போயிருக்கு, அஞ்சு சேர்ந்தா அதிகம். அதான் கண்ணு எரியுது. குவார்ட்டர்ல இதோ, இங்கதான் நிக்கும்" என்று கழுத்துக்குக் கீழே ஓர் இடத்தில் நகத்தை வைத்தார். கொஞ்சமும் யோசிக்காமல் வைத்தார்.

எல்லோரும் அவர் பின்னாலேயே கொட்டகைக்கு வந்திருந்தார்கள்.

"எங்க நிக்கும்?" என்றார் அவர் மனைவி.

அவர் நகத்தை எடுத்துவிட்டார். "இல்லம்மா, லேப்ல ரீடிங் எடுக்கறப்ப—"

"உங்க லேப்ல குவார்ட்டர் பாட்டிலா குடுக்கறாங்க?"

"பொதுவா ஒரு பாட்டில்னா—"

"மாமா சரியாத்தான் வெச்சாரு" என்றார் தாய்மாமன். "அங்கதான் நிக்கும்."

"நீ வாய மூடுறா."

பிறகு அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். "நீங்க ஏங்க வாய் வரைக்கும் ரொப்பினீங்க?"

"அதுவரைக்கும்தான் இருக்கும்னு நெனச்சேங்க" என்றேன். "பயிற்சில அஞ்சு குவார்ட்டர்னுதான் சொன்னாங்க. எதுவரைக்கும்னு யாரும் சொல்லல. அவங்களுக்கெல்லாம் தெரிஞ்சிருக்கும் போல."

அவர் வரிசையாக நின்ற பாட்டில்களைப் பார்த்தார். எல்லாமே விளிம்பு வரை இருந்தன. பிறகு தன் வீட்டுக்காரரைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார். "இங்க நிக்கிற மூணு பெரிய மனுசங்கள்ல குவார்ட்டர் எங்க நிக்கும்னு தெரியாதவரு இவரு ஒருத்தர்தான்" என்றார். என் மகள் தோளில் கை போட்டு உள்ளே கூட்டிப் போனார். "வா, தேதி பாக்கலாம். இவங்க இங்கயே அளந்துகினு கெடக்கட்டும்."

நிச்சயதார்த்தத்தில் மாப்பிள்ளை வீட்டுத் தட்டில் பழம், பூ, புடவையோடு உயரமான கண்ணாடி ஜாடி ஒன்றும் இருந்தது. கோடு கோடாக மில்லி போட்ட அளவு ஜாடி. சம்பந்தி வாங்கி வந்தது. எங்கள் சொந்தக்காரர்கள் அதைப் பூ ஜாடி என்று நினைத்து, போட்டோ எடுக்கிற நேரத்தில் இரண்டு ரோஜாவைச் செருகி மேஜை நடுவில் வைத்துவிட்டார்கள். கல்யாண ஆல்பத்தில் இப்போதும் அப்படியே இருக்கிறது. சொல்லலாம் என்றுதான் நினைத்தேன், கூச்சமாக இருந்தது.

அதிலிருந்து ஜாடியில் சரியாகத் தொள்ளாயிரம் அளந்துதான் கலக்குகிறேன். லாட்ஜில் இப்போது, "முன்ன மாதிரி ஸ்ட்ராங்கு இல்லியே, தண்ணி கலக்கறியா?" என்று கேட்கிறார்கள். பினாயிலில் தண்ணீர்தான் முக்கால்வாசிக்கு மேல் என்று விளக்க வாய் வரவில்லை. தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். குவார்ட்டர் பாட்டில்களையெல்லாம் காயலான் கடைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டேன். "இன்னா அண்ணாத்த, உட்டுட்டியா?" என்று அவர் கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன், அதுதான் சுலபமாக இருந்தது.

மகள் வந்தால் படித்துத் திருத்துவாள். அவள் வருவதற்குள் எழுதி முடித்தது 2024 நவம்பர் பதினேழாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை.