சொடக்குக்காரரின் சாக்ஸ்

அந்தத் தெருவில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சொடக்குக்காரர், அவ்வளவுதான். முதுகெலும்பை அழுத்தி, திருப்பி, 'டக்'கென்று சத்தம் வரவைத்து வலியை விரட்டுகிற கைரோபிராக்டிக் வைத்தியர் என்று முழுசாகச் சொல்லி முடிப்பதற்குள் வலியே போய்விடும்.

டிரை கிளீனிங் கடைக்கு மேலே மாடி அறை. மூலையில் ஸ்டாண்டில் தொங்கும் பிளாஸ்டிக் முதுகெலும்பில் வருகிறவர்கள் குடையை மாட்டுவார்கள். வாசல் பலகையில் 'முதுகு, கழுத்து' என்பதற்குக் கீழே ஒரு பட்டை வெள்ளைப் பெயிண்ட். தொழில் தொடங்கிய வேகத்தில் அங்கே ஆஸ்துமா, அஜீரணம், ஞாபக மறதி என்று எழுதி வைத்திருந்தார். "ஞாபக மறதி உங்களுக்குத்தான். இதையா படிச்சீங்க?" என்று மனைவிதான் பிரஷ்ஷை எடுத்து அடித்துவிட்டாள்.

அந்த 'டக்' சத்தம் மூட்டுக்குள் வாயு படுத்தும் பாடு, குணமாவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று அவரே எல்லாரிடமும் சொல்வார். யார் கேட்கிறார்கள்? சத்தம் வராவிட்டால் கட்டிலைவிட்டு இறங்க மாட்டார்கள். "இன்னொரு தடவை பாருங்க சார், உள்ளதான் எங்கயாவது இருக்கும்!"

கட்டிலின் தலைமாட்டில் முகம் வைக்க ஓர் ஓட்டை. குப்புறப் படுத்தால் அதன் வழியே தெரிவது தரையும் அவருடைய சாக்ஸும் மட்டும்தான். மனிதர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லாததையெல்லாம் சாக்ஸைப் பார்த்துக் கொட்டினார்கள். கணக்கு வாத்தியாரின் தலைமுடி விக் என்பது அந்தத் தெருவில் சாக்ஸுக்கு மட்டுமே தெரியும்.

அந்தக் கட்டிலில் ஏறாத ஒரே ஆள் மாமனார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். முதுகு என்றைக்கோ போய்விட்டது, வாய் போகவில்லை. "பொண்ணைத்தான் கொடுத்தேன். முதுகையும் கொடுக்கணுமா?" என்று சொந்தக்காரர்கள் கூடுகிற இடத்திலெல்லாம் கேட்பார். ஒரே ஒரு 'டக்', அந்த வாயிலிருந்து ஓர் 'அப்பாடா'. சொடக்குக்காரர் வாழ்க்கையில் ஏங்கியது அதற்குத்தான்.

ஒருநாள் காலை மாமனார் சுவரைப் பிடித்துப் பிடித்துப் படியேறி வந்தார்.

"நீ ஜெயிச்சிட்ட மாப்பிள்ளை. ஒடிச்சு விடு."

சொடக்குக்காரருக்குக் கை பரபரத்தது. படுக்க வைத்தார். ஓட்டைக்குள்ளிருந்து குரல் வந்தது: "சாக்ஸ்ல பெருவிரல் எட்டிப் பாக்குது. என் பொண்ணு வீட்ல என்னதான் பண்றா?"

"கால் எப்படி மாமா இருக்கு?"

"ரெண்டும் மரமரன்னு இருக்கு." பிறகு குரல் இறங்கியது. "இன்னொண்ணு... பொண்ணுகிட்ட சொல்லிடாத. ராத்திரியிலேர்ந்து ஒண்ணுக்கே வரல. உக்கார்ற இடம்கூட மரத்துப் போச்சு."

சாக்ஸிடம் அல்லாமல் வேறு யாரிடமும் அவர் இதைச் சொல்லியிருக்க மாட்டார்.

முதுகில் வைத்த கை அப்படியே நின்றது. உள்ளே நரம்புக் கற்றை நசுங்குகிறது. ஒரு திருப்புத் திருப்பினால் காலே போச்சு. சும்மா விட்டாலும் போச்சு. சொடக்குக்காரர் கையை எடுத்துவிட்டார்.

"எந்திரிங்க மாமா. ஆஸ்பத்திரி போகணும், இப்பவே."

"ஏன், பயமா? ஊரான் முதுகுன்னா மட்டும் டக்கு டக்குன்னு முறிப்ப?"

"ஆமா மாமா. பயம்தான்."

கீழ்க்கடை டெலிவரி வேனில், தேய்த்துத் தொங்கவிட்ட கோட்டுகளுக்கு நடுவே மாமனாரைப் படுக்க வைத்தார்கள். "வெளுக்கப் போடப் போறியா என்னை?" என்று வழியெல்லாம் திட்டினார். அன்றைக்கே ஆபரேஷன். நேரத்தோடு வந்ததால் கால் பிழைத்தது என்றார் சர்ஜன்.

மாதங்கள் கழித்து, கைத்தடியோடு மாமனார் மறுபடி படியேறி வந்தார். கட்டிலைக் காட்டினார்.

"இனிமே உங்க முதுகை நான் தொடவே மாட்டேன் மாமா."

"தொடாத. யாரு தொடச் சொன்னா? சும்மா தலைமாட்டுல வந்து நில்லு."

மெதுவாகக் குப்புறப் படுத்து, முகத்தை ஓட்டையில் வைத்தார். சொடக்குக்காரர் போய் நின்றார். கீழே இஸ்திரிப் பெட்டி உஸ்ஸென்று ஆவி விட்டது.

"நீ நல்லா இருக்கணும்பா," என்று மாமனார் சாக்ஸிடம் சொன்னார். மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "இன்னும் அதே ஓட்டை சாக்ஸா? கருமம்!"