பெயின்டர் மாப்பிள்ளையின் கடன்

என் தங்கை புருஷன் எனக்கு நாற்பத்திரண்டாயிரம் தர வேண்டியிருந்தது. வீடுகளுக்கு வண்ணம் அடிக்கிற பெயின்டர் அவன். ஸ்ப்ரே மெஷினும் இரண்டு அலுமினிய ஏணியும் வாங்க நான் கொடுத்த பணம். ஏழு வருஷமாக அசலும் வரவில்லை, வட்டியும் வரவில்லை. கேட்கும்போதெல்லாம் சிரிப்பு மட்டும் தவறாமல் வந்தது.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தைத் தலைமுழுகியவன் நான். பஞ்சர் ஒட்டி ஆரம்பித்து இன்று மூன்று டயர் கடைக்கு முதலாளி. டயரைத் தட்டிப் பார்த்தே உள்ளே கம்பி அறுந்திருக்கிறதா என்று சொல்லிவிடுவேன். அப்படிச் சொல்ல இன்னொருத்தன் இருந்தால் கூட்டி வாருங்கள், பார்க்கிறேன்.

மாப்பிள்ளைக்கு உணவுக்குழாயில் புற்றுநோய் என்று தெரிந்ததும் சொந்தக்காரர்கள் வரிசை கட்டி வந்தார்கள். எனக்கு நோய் அருவருப்பாக இல்லை. அவர்கள் முகம்தான் அருவருப்பாக இருந்தது. கட்டிலோரம் நின்று ‘ச்சு’க் கொட்டுவார்கள். வெளியே வந்து செருப்பு மாட்டும்போது, “ஆறு மாசம் தாங்குமா?” என்பார்கள். பங்காளி ஒருத்தர் ஏணியை என்ன விலைக்குத் தருவீர்கள் என்று என் தங்கையிடமே கேட்டார். அவரை நான்தான் வாசல்வரை கொண்டுபோய் விட்டேன். எப்படி விட்டேன் என்பதை எழுத மாட்டேன்.

முப்பது நாள் கதிர்வீச்சு, வாரம் ஒருமுறை மருந்து ஏற்றுவது. கூட்டிப் போக என் கார். காத்திருக்கும் அறையில் மருந்து வாடையும் வாந்தி வாடையும் கலந்து அடிக்கும். நாற்காலிக்கு அடியில் எவனோ மென்று ஒட்டிய சூயிங்கம் கையில் பிசுபிசுக்கும். மாப்பிள்ளை அங்கே பையில் வாந்தி எடுப்பான், கைக்குட்டையால் துடைப்பான், அதே வாயில் மவுத் ஆர்கனை வைத்து ஊத ஆரம்பித்துவிடுவான். எனக்குக் குமட்டும். சுற்றியிருந்த மொட்டைத் தலைகள் எல்லாம் தாளத்துக்கு ஆடும்.

“வாயைக் கொப்பளிச்சுட்டு ஊதேன்டா!”

“கொப்பளிச்சா சுருதி போயிடும் மச்சான்.”

அறையில் இருப்பவர்களிடம் என்னைக் காட்டிச் சொல்வான்: “இவரு டயர்க்கடை முதலாளி. நான் பிழைக்கணும்னு நெசமா தவிக்கிறது இவரு ஒருத்தர்தான். நாப்பத்திரண்டாயிரம் திரும்பி வரணுமே!”

எல்லாரும் சிரிப்பார்கள். சிரிக்கவே கூடாத ஒரு கிழவிகூட வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவளுக்கு வயிற்றில்தான் தையல். என் பணம் ஊர் வாயில் சிரிப்பாய்ச் சிரித்தது.

பதின்மூன்றாம் நாள் ஒரு கூத்து நடந்தது. கதிர் விழ வேண்டிய இடத்துக்கு அடையாளமாக அவன் நெஞ்சில் மையால் கோடு போட்டிருந்தார்கள். குளித்தாலும் அழியக் கூடாது என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். இவன் அன்று காலையில் கண்ணாடி முன்னால் நின்று, அதை ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு, அளவுகோல் வைத்துப் புதுக் கோடு போட்டுக்கொண்டு வந்திருக்கிறான். மெஷின் பார்க்கிற பெண் அலறிவிட்டாள்.

“யாருங்க இதை வரைஞ்சது?”

“நான்தாம்மா. நீ போட்டது அரை விரல் கோணல். முப்பது வருஷமா நூல் பிடிக்காம பார்டர் அடிக்கிறவன் நெஞ்சுலயே கோணல் கோடா?”

“இது சுவரு இல்லீங்க!”

மறுபடி ஸ்கேன், மறுபடி அளவு. மூன்று நாள் வீண். தங்கை பயந்துபோனாள். சமையலறையில் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

“அண்ணே, அவரு புத்தி பேதலிச்சுப் போச்சு. எந்நேரமும் அந்தக் கடன் பேச்சுதான். விட்டுட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிடுண்ணே.”

வாழ்க்கையில் நான் செய்த முட்டாள்தனங்களை விரல்விட்டு எண்ணலாம். அதில் இது பெரிய விரல். உள்ளே போய், “மாப்ளே, அந்தப் பணம் வேணாம். விடு” என்றேன்.

மவுத் ஆர்கனைக் கீழே வைத்தான். முகம் வெளிறிப்போனது.

“டாக்டர் என்ன சொன்னாரு?”

“ஒண்ணும் சொல்லலையே.”

“மச்சான், காத்து அடிக்கவே காசு வாங்குற ஆளு நீ. நாப்பத்திரண்டாயிரத்தை விடுறேன்னா சும்மா விடுவியா? மறைக்காம சொல்லு. எத்தனை நாளு?”

சத்தியம் செய்தேன். நம்பவில்லை. மறுநாள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டான். “சுட்டது போதும். போறவனை ஏன் சுடுறீங்க?” என்றான். அடுத்த நாளும் வரவில்லை. மெஷின் பெண் போன் செய்து, இப்படி விட்டு விட்டு வந்தால் பட்ட பாடெல்லாம் வீணாகிவிடும் என்றாள்.

அன்று எனக்கு என்மேலேயே குமட்டியது. அந்தப் பங்காளி ஏணிக்கு விலை கேட்டதும் நான் கடனை விட்டதும் ஒன்றுதான். இரண்டு பேருமே அவனை உயிரோடு இருக்கும்போதே கணக்கிலிருந்து எடுத்துவிட்டோம்.

மூன்றாம் நாள் காலையில் கணக்கு நோட்டோடு போய்க் கட்டிலருகே உட்கார்ந்தேன்.

“அன்னிக்குச் சொன்னது செல்லாது. அசல் நாப்பத்திரண்டு. வட்டி பதினாலு. ஆக அம்பத்தாறு.”

அவன் போர்வையை இழுத்துத் தலைவரை மூடிக்கொண்டான்.

“கார் பெட்ரோல் தனி.”

“அண்ணே! நீ மனுஷனா?” என்று தங்கை கத்தினாள்.

“நீ வாந்தி எடுத்து நாசம் பண்ணின சீட் உறையும் தனி.”

மாப்பிள்ளை மெல்லத் திரும்பினான். “எந்த உறை? முன் சீட்டா?”

“ஆமா. கிழிச்சுவேற வச்சிருக்கே.”

“அது போன வருஷமே கிழிஞ்சிருந்துச்சு மச்சான்!”

“வாயால சொன்னா ஆச்சா? வந்து காட்டு.”

முனகிக்கொண்டே எழுந்தான். தங்கையின் தோளைப் பிடித்துக்கொண்டு படியிறங்கி வந்து, காருக்குள் உட்கார்ந்து, கிழிசலை விரலால் நீவிக் காட்டினான். நான் கதவைச் சாத்தி வண்டியைக் கிளப்பினேன். ஆஸ்பத்திரி வரைக்கும் என்னைக் கஞ்சன், கல்நெஞ்சன், ரப்பர் தின்னி என்று திட்டிக்கொண்டே வந்தான். வாசலில் இறங்கும்போது, “சாகப்போறவன்கிட்ட எவனும் பெட்ரோல் காசு கேக்க மாட்டான், இல்ல மச்சான்?” என்றான்.

“அதைத்தான்டா சொல்றேன்” என்றேன்.

முப்பதும் முடித்தான். கடைசி வாரம் தண்ணீர்கூட இறங்கவில்லை, ஊதவும் மூச்சில்லை. மவுத் ஆர்கனைப் பக்கத்து நாற்காலிக்காரரிடம் கொடுத்தான். அவர் கைக்குட்டையால் ஒரு துடை துடைத்துவிட்டு வாயில் வைத்தார். சீ! நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஒரு சுரம்கூடச் சரியில்லை. மாப்பிள்ளை ஒற்றை விரலை ஆட்டி ஆட்டி அவரை நடத்திக்கொண்டிருந்தான்.

ஸ்கேன் பார்த்த டாக்டர், “இப்போதைக்குக் கட்டி இல்லை, மூணு மாசத்துக்கு ஒருமுறை வாங்க” என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லவில்லை. அதனால்தான் அவரை எனக்குப் பிடித்தது.

ஒரு வருஷம் கழித்து, மத்தியானம், கடை நிறைய ஆள் இருக்கும்போது வந்தான். மெலிந்துதான் இருந்தான். முளைத்த முடியில் வெள்ளை பெயின்ட் தெறித்திருந்தது. சட்டைக்குள்ளிருந்து நோட்டுக்கட்டு ஒன்றை எடுத்தான். டயர் மாற்ற வந்த ஒருத்தர் விஷயம் தெரிந்தவர் போல என்னை முறைத்து, “சீக்காளிகிட்டயா வாங்குறீங்க?” என்றார். அவருக்கு வேண்டியது நான் வேண்டாம் என்று சொல்வது. நான் சொல்லவில்லை. கையிலிருந்த ரப்பர்க் கரியை வேட்டியில் துடைத்துவிட்டு உள்ளங்கையை விரித்தேன். அவன் கட்டை விரலை நாக்கில் தொட்டுத் தொட்டு, சத்தம் போட்டு எண்ணி, டர்பன்டைன் வாடை அடிக்கிற தாள்களை ஒவ்வொன்றாக அதில் வைத்தான், ஐம்பத்தாறாயிரம் வரை.