மூடி வைத்த சோறு

நாலாய் மடித்த பள்ளிக்கூடக் கொப்பித்தாள் ஒன்று என்னிடம் இருக்கிறது. மடிப்புகள் கிழிந்து, பின்னால் தாள் ஒட்டி வைத்திருக்கிறேன். ‘என் மனைவி, மகளைக் கூட்டிக்கொண்டு இந்தியா போவதற்கு எனக்குப் பூரண சம்மதம்’ என்று அதில் எழுதியிருக்கிறது. அடியில் ஒரு வட்டம். வட்டத்துக்குள் குறுக்கே இரண்டு வெட்டு. எழுதியது அம்மா. வட்டம் போட்டது நான். சம்மதம் தந்த அப்பா, அப்போது கடலுக்குப் போய் இரண்டு வருடம்.

எங்கள் ஊரான கொக்கிளாயை விட்டு வந்து புதுக்குடியிருப்பில் இருந்த காலம். முல்லைத்தீவுக் கரையில் தொழிலுக்கு இறங்கிய அப்பா திரும்பவில்லை. வள்ளமும் வரவில்லை, உடம்பும் வரவில்லை. தேவாலயத்துச் சுவாமியார், இறந்தவருக்கான பூசை வைப்போம் என்று கேட்டபோது அம்மா வேண்டாம் என்றுவிட்டார். பிறகு சண்டை நெருங்கி செல்லடி கூடியது, என் பள்ளிக்கூடமும் நின்றது. திருச்சியிலிருந்த மாமா வரச்சொல்லி எழுதினார். வவுனியாவரை வந்துவிட்டோம். அங்கே பயணத்துக்கு வழி சொன்னவர், “தனியப் பிள்ளையைக் கொண்டு போறதெண்டா தகப்பன்ரை சம்மதக் கடிதம் வேணும். ஆள் இல்லையெண்டா மரண அத்தாட்சி காட்டவேணும் தங்கச்சி” என்றார். அம்மா கடிதத்தையே தேர்ந்தெடுத்தார்.

அப்பாவுக்குக் கையெழுத்து வராது. வலையின் மிதப்புக் கட்டைகளில் கத்தியால் வெட்டும் குறி ஒன்றுதான் அவருடையது. அதை மட்டும் அம்மா போடவில்லை. பேனையை என்னிடம் தந்தார். “கொப்பர் கடிதம் எழுதினதெண்டா மீனும் சிரிக்கும். வட்டத்தை வடிவாப் போடு பிள்ளை.” எனக்குப் பத்து வயது. இரண்டு வெட்டா, மூன்றா என்று அப்போதும் சந்தேகம், இன்றைக்கும் சந்தேகம்.

விமான நிலையத்தில் அதிகாரி அந்தக் குறியை விரலால் தட்டி, இது என்ன என்று கேட்டார். “அவர் படிக்காத ஆள் ஐயா, வலைக்கட்டையில போடுறது” என்றார் அம்மா. அதிகாரி என் பக்கம் குனிந்தார்.

“அப்பா எங்கே?”

‘வீட்டில’ என்று மட்டும் சொல்லத்தான் அம்மா பழக்கியிருந்தார். பயத்தில் எனக்கு வாய் நிற்கவில்லை. “வீட்டில இருந்து கிழிஞ்ச வலை பொத்திறார். சோறும் மீன்சொதியும் மூடி வச்சிட்டுத்தான் வந்தனாங்கள்.”

அவர் சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினார். விமானம் மேலெழும்பிய பிறகு, யன்னல் பக்கம் பார்த்தபடி அம்மா சொன்னார்: “சோறு ஆறியிருக்கும்.”

சிரிப்புக்குச் சொன்ன பகிடி என்று நினைத்தேன். திருச்சியில் அம்மா சாகும்வரை, மத்தியானச் சோற்றில் ஒரு தட்டு தனியே மூடியிருந்தது. மரண அத்தாட்சி எடுக்கலாம் என்று மாமா ஒருமுறை சொன்னபோது, “உயிரோட இருக்கிற மனுசனுக்கோ?” என்று கேட்டார். நான் சொன்ன பொய்யில் என் அம்மா இருபது வருடம் சோறு போட்டார்.

போன மாதம் என் மகளோடு தனியே கொழும்புக்குப் புறப்பட்டேன். கணவர் கடிதத்தில் ஒழுங்காகக் கையெழுத்துப் போட்டுத் தந்தார். எல்லாம் சரி. விமான நிலையத்தில் அதிகாரி மகளிடம் கேட்டார், அப்பா எங்கே என்று. “வீட்டில” என்றாள்.

அம்மா எனக்குப் பழக்கிய அதே சொல். ஒதுங்கி நின்று கணவருக்குத் தொலைபேசி எடுத்தேன்.

“என்ன செய்யிறீங்கள்?”

“சாப்பிடப் போறன். சோறு மூடி வச்சிட்டுத்தானே போனனீர். ஏன் அழுறீர்?”

“ஒண்டுமில்லை. போனை வையாதேங்கோ. சாப்பிடுங்கோ.”

மூடி திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு மேசையடியில் உட்காரக் கதிரை இழுபடும் சத்தம். அவர் ஒரு வாய் மென்று விழுங்கும்வரை, கைப்பைக்குள் அந்தக் கொப்பித்தாளை விரல்களால் பிடித்துக்கொண்டு நின்றேன்.