பந்தோடு ஓடாதவள்

கெப்டனை நினைக்கும்போது முதலில் ஞாபகம் வருவது அவளுடைய முகமல்ல, கழுத்து. பந்து கைக்கு வந்ததும் கழுத்தைச் சற்று வலப்பக்கம் திருப்பி, அங்கே யாரோ தனக்காகக் காத்திருப்பதைப்போல ஒரு பார்வை பார்ப்பாள். எதிரணியில் இரண்டு பேராவது அந்தப் பக்கம் சாய்வார்கள். அதற்குள் பந்து இடப்பக்கம் போய்ச் சேர்ந்திருக்கும். கண்டியில் நாங்கள் படித்த பெண்கள் பாடசாலையின் வலைப்பந்து அணிக்கு அவள்தான் தலைவி. பன்விலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்தவள். ஒரே வகுப்பில் இருந்தும் நான் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லோரையும்போல கெப்டன் என்றே கூப்பிட்டேன். இன்றும் என் தொலைபேசியில் அவள் அப்படித்தான் பதிவாகியிருக்கிறாள்.

இப்போது நான் கட்டுகஸ்தோட்டையில், ஒரு பல் வைத்தியரின் கிளினிக்குக்கு மேல்மாடியில், கணினி விளையாட்டுகள் செய்யும் சின்னக் கம்பனியொன்றில் வேலை செய்கிறேன். பாத்திரங்களின் அசைவுகளை வடிவமைப்பது என் பொறுப்பு. சில வருடங்களுக்கு முன் பாடசாலைப் பெண்களின் வலைப்பந்தை வைத்து ஒரு விளையாட்டுச் செய்தோம். பெரிதாக ஓடவில்லை, ஆனால் பிடித்தவர்களுக்கு மிகவும் பிடித்திருந்தது. பிறகு வேறு வேறு நாடுகளின் சின்னக் கம்பனிகள் சேர்ந்து, தத்தம் விளையாட்டுகளின் நாயகர்களை ஒரே மேடையில் மோதவிடும் சண்டை விளையாட்டொன்றைத் தொடங்கின. எங்களிடமும் ஒருவரைக் கேட்டார்கள். வாள்வீரன், இயந்திர மனிதன், இரண்டு கத்தியோடு ஒரு சமையற்காரன், இவர்களுக்கு நடுவே எங்கள் வலைப்பந்துப் பெண். அவள் எப்படி அடிப்பாள், எப்படித் தடுப்பாள், எப்படி விழுந்து எழும்புவாள் என்ற அசைவுகள் எல்லாவற்றையும் நான் உருவாக்க வேண்டும். தொடங்கிய முதல் நாளே, யாரைப் பார்த்து உருவாக்குகிறேன் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது.

வலைப்பந்தில் பந்தோடு ஓட முடியாது. பந்தைப் பிடித்து எந்தக் காலில் இறங்கினோமோ அந்தக் காலை ஊன்றியபடி சுழலலாம். மூன்று செக்கனுக்குள் பந்தை விட்டுவிட வேண்டும். இந்த விதியை அப்படியே சண்டைக்குள் கொண்டுவந்தேன். பந்து கையில் இருக்கும்வரை எங்கள் பெண் நகரமாட்டாள். எங்கள் கம்பனியை நடத்தும் யாழ்ப்பாணத்துக்காரர், நாங்கள் அண்ணா என்று கூப்பிடுபவர், அதைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார்.

"பிள்ளை, இது சண்டை. இவ பந்தைப் பிடிச்சுக்கொண்டு அசையாம நிண்டா மற்றவன் சும்மா விடுவானோ? ஓட விடுங்கோவன்."

"ஓடுனா அது வலைப்பந்து இல்லண்ணா."

"ஓம், விளங்குது. ஆனா தோத்துக்கொண்டே இருந்தா அவவை ஒருத்தரும் எடுக்க மாட்டினம். ரெண்டு கிழமை தாறன். சரிவராட்டி ஓட விடுவம்."

அந்த இரண்டு கிழமையும் கெப்டனோடுதான் இருந்தேன். கதிரையைத் தள்ளிவைத்துவிட்டு அலுவலகத்தின் நடுவில் நின்று அவளைப்போலச் சுழன்று பார்த்தேன். அவளுடைய பார்வைதான் கடைசியில் எங்கள் பெண்ணைக் காப்பாற்றியது. அவள் பார்க்கும் பக்கம் எதிராளி காவல் போடுவான். பந்து மறுபக்கச் சுவரில் பட்டுத் திரும்பி அவன் முதுகில் விழும். நின்ற இடத்தைவிட்டு அசையாதவளிடம் அண்ணா தொடர்ந்து ஐந்து முறை தோற்றார். "சரி, நிக்கட்டும்," என்று மட்டும் சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார்.

ஆனால் ஒன்று மட்டும் எனக்குக் கைவரவில்லை. உயரப் பாய்ந்து பந்தைப் பிடித்து, தரைக்கு வருவது. எத்தனையோ முறை வரைந்தேன், அழித்தேன். கெப்டன் அப்படி இறங்கியதை நான் கடைசியாகப் பார்த்த பின்னேரம் குறுக்கே வந்து நின்றது.

மாகாணப் போட்டிக்கு ஒரு கிழமை இருந்தது. மழை விட்டு மைதானம் ஈரமாகக் கிடந்தது. பயிற்சிக்காக எங்களை இரண்டாகப் பிரித்திருந்தார் விளையாட்டு டீச்சர். நான் கெப்டனுக்கு எதிர்ப்பக்கம். அந்த வருடம் முழுவதும் ஒருமுறையாவது அவளிடமிருந்து பந்தைப் பறித்துவிட வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை இருந்தது. அதை யாரிடமும் சொன்னதில்லை. தரை வழுக்குகிறது, போதும் என்று டீச்சர் விசில் ஊதினார். பந்து காற்றில் இருந்தது. கெப்டன் அதற்காக எழும்பினாள். நானும் பாய்ந்தேன். அவள் இறங்கிய காலின்மேல் என் முழுப் பாரமும் விழுந்தது.

டீச்சர் ஓடிவந்து என்ன நடந்தது என்று கேட்டார். முழங்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கெப்டன் சொன்னாள்: "கால் வழுக்கிடுச்சு டீச்சர்." அவ்வளவுதான். என்னை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. அந்த முழங்கால் பிறகு சரிவரவேயில்லை. மாகாண அணிக்கு வேறொருத்தி போனாள். தவணை முடிவில் அவளுடைய அப்பா வந்து பெட்டியோடு கூட்டிக்கொண்டு போனார். பல வருடங்களுக்குப் பிறகுதான் அவளுடைய தொலைபேசி எண் கிடைத்தது. கல்யாணமாகி வளைகுடாவில், டோகாவில் இருந்தாள், அங்கே குழந்தைகள் காப்பகமொன்றில் வேலை. பிறந்தநாளுக்கு வாழ்த்து அனுப்பிக்கொள்வோம். அந்தப் பின்னேரத்தைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

வேறு வழி தெரியாமல், அதுவரை செய்திருந்ததைச் சின்னக் காணொளியாக்கி அவளுக்கு அனுப்பினேன். 'யார் என்று தெரிகிறதா?' என்று மட்டும் எழுதினேன். நான்கு நாட்கள் பதில் இல்லை. கேட்காமல் அவளுடைய உடம்பை எடுத்துக்கொண்டுவிட்டேன் என்று கோபிக்கிறாள் என நினைத்தேன். ஐந்தாம் நாள் குரல்பதிவு வந்தது.

"கழுத்து, கையெல்லாம் நான்தான். ஆனா என்னடி, அவ ஏன் இப்படிப் பயந்து பயந்து இறங்குறா? நான் என்னைக்காவது தரையைப் பார்த்து இறங்கியிருக்கேனா?"

காணொளியை மறுபடி ஓட்டிப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. பாய்ந்த பெண் இறங்கும்போது தலையைக் குனிந்து, கால் படும் இடத்தைத் தேடினாள். அந்தப் பயம் கெப்டனுடையதல்ல, என்னுடையது. பதில் எழுதத் தொடங்கி, அழித்து, மீண்டும் எழுதி, கடைசியில் மொட்டைமாடிக்குப் போய் நானும் ஒரு குரல்பதிவு அனுப்பினேன்.

"அன்னைக்கு விசில் ஊதினது எனக்குக் கேட்டுச்சு கெப்டன். கேட்டும்தான் பாஞ்சேன்."

பதில் மறுநாள் காலையில் வந்தது. பின்னால் குழந்தைகளின் சத்தம்.

"தெரியும். எனக்குந்தான் கேட்டுச்சு. நான் மட்டும் நின்னேனா? உனக்குப் பந்தை விட்டுட்டு நிக்கிற ஆளா நான்? சரி சரி, அவ இறங்குறதை மாத்து மொதல்ல."

அன்று முழுவதும் அந்த ஓர் அசைவைத்தான் செய்தேன். தலை நிமிர்ந்திருக்க, கண் எங்கோ தூரத்தில் இருக்க, முழுப் பாரத்தையும் ஒற்றைக் காலில் நம்பி இறக்கிவைத்தேன். ஒருமுறையும் அழிக்க வேண்டியிருக்கவில்லை.

விளையாட்டு வெளிவந்த பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, அவளுக்கு விடுமுறை நாள், டோகாவிலிருந்து அவளும் கட்டுகஸ்தோட்டையிலிருந்து நானும் ஒரே மேடையில் இறங்கினோம். பக்கத்தில் தொலைபேசி திறந்திருந்தது. அவள் தன்னைத்தான் எடுப்பாள் என்று காத்திருந்தேன். இயந்திர மனிதனை எடுத்தாள்.

"ஏன் கெப்டன்?"

"நீ அவளை எடு. நான் எப்பவும் உள்ளுக்குள்ளதானேடி இருந்தேன். எதிர்ல நின்னு ஒருக்காப் பார்க்கணும்."

இயந்திர மனிதன் இரண்டடி முன்னால் வந்து நின்றான். ஓர் அடிகூட அடிக்கவில்லை. எனக்கும் அடிக்க மனம் வரவில்லை. எங்கள் பெண்ணைப் பாயவைத்தேன், பந்தைப் பிடிக்கவைத்தேன், இறங்கவைத்தேன். மறுபடி பாயவைத்தேன். நேரம் முடிந்து, யாருக்கும் வெற்றியில்லை என்று திரை சொன்னது.

"இன்னொருக்கா," என்றாள் கெப்டன்.