ரங்கசாமி மெஸ்ஸின் கூர்ம மூர்த்தி

ஸ்ரீரங்கத்தில் ரங்கசாமியிடம் சாப்பிடாதவர்கள்கூட அவருடைய ஆசாரத்தைப் பற்றிப் பேசுவார்கள். மெஸ் வாசலில் 'சுத்த சைவம்' போர்டு ஆளுயரத்துக்கு நிற்கும். முட்டை கலந்திருக்கும் என்று பேக்கரி கேக்கைக்கூட உள்ளே விட மாட்டார். சமையலில் வலது கையாக இருந்த சிவசங்கரின் பையில் ஒரு முட்டை பப்ஸைப் பார்த்துவிட்டு, இலை போட்டுக்கொண்டிருக்கும்போதே அவனை வெளியே தள்ளிய மனுஷர். அவன் கெஞ்சினான். இவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இந்த வைராக்கியத்துக்கெல்லாம் மூலம், கைகழுவும் தொட்டிக்கு எதிர் மாடத்தில் இருக்கும் கூர்ம மூர்த்தி. சமையற்கட்டுக்கு அஸ்திவாரம் தோண்டியபோது ஆற்று வண்டலுக்குள் கிடைத்தவர். கறுத்து, தடித்து, ஆமை முதுகு மாதிரி வளைந்த கல். பெருமாளே தேடி வந்துவிட்டார் என்று ரங்கசாமி அன்றைக்கு அழுதேவிட்டார். அதிலிருந்து தினமும் காலையில் திருமஞ்சனம். அந்தத் தீர்த்தம் நேராகச் சோற்று உலைக்குப் போகும். சோறு மணப்பது அதனால்தான் என்று ஊரிலும் ஒரு பேச்சு.

போன புரட்டாசி சனிக்கிழமை மத்தியானம் மஹ்ஜபீன் சாப்பிட வந்தார். தீவுகளில் தோண்டும்போது கிடைக்கும் பழைய விலங்கு எலும்புகளை ஆராய்கிற கல்லூரிப் பேராசிரியை. மெஸ்ஸுக்குப் பல வருஷ வாடிக்கை. அன்றைக்கு இருந்த கூட்டத்தில் அலங்காரம் பண்ண நேரமில்லாமல், சந்தனமும் பூவும் இன்றி மூர்த்தி வெறுமனே இருந்தார். கைகழுவப் போனவர் அப்படியே நின்றுவிட்டார்.

“அண்ணே, அதைக் கொஞ்சம் திருப்பிக் காட்டுங்களேன்.”

ரங்கசாமி பெருமையாகக் காட்டினார். மஹ்ஜபீனின் முகம் சுண்டிப்போனது.

“ஒண்ணுமில்லண்ணே. நான் போய் உக்கார்றேன்.”

“சொல்லாம போனா எனக்குச் சோறு இறங்காது மேடம். சொல்லுங்க.”

“கல்லு இல்லண்ணே. நிஜ ஆமையோட ஓடு. உள்பக்கம் கோடு கோடா இருக்கு பாருங்க, கறியச் சுரண்டின கத்தித் தடம். கறுப்பு, நெருப்புல வாட்டினது. பழைய தீவு ஜனங்க ஆமையில எதையும் வீணாக்க மாட்டாங்க. கறியத் தின்னுட்டு, கொழுப்ப உருக்கி வச்சுக்கிட்டு, ஓட்டைத் தேய்ச்சு அகப்பையா வச்சுப்பாங்க. ஸ்ரீரங்கமும் தீவுதானேண்ணே. இந்த ஓரம் பாருங்க, பானையில துழாவித் துழாவியே தேஞ்சிருக்கு.”

ரங்கசாமி அதைச் சட்டென்று மாடத்தில் வைத்துவிட்டார். கறி கிண்டிய அகப்பை! அதைக் கழுவிய தண்ணீரில்தான் இத்தனை காலம் ஊருக்கே சோறு வடித்திருக்கிறார். ஏகாதசிக்குப் பட்டினி கிடந்தவர்களின் பாரணைக்கு வடித்திருக்கிறார். பெற்ற தாயின் திதிக்கும் வடித்திருக்கிறார்.

“பானு!” என்று அலறினார். மனைவி பானுப்ரியா கரண்டியோடு ஓடி வந்தாள். “இன்னிக்கு உலையில தீர்த்தம் ஊத்திட்டியா?”

“என்னங்க கேள்வி இது? முதல் பந்தியே உக்காந்தாச்சு.”

ஹாலில் ஒரு பெரியவர் முதல் கவளத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்தார். ரங்கசாமி அதைப் பார்த்தார். பேசாமல் இருந்துவிடலாம், யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் வாய் அதற்குள் கத்திவிட்டது.

“யாரும் சாப்பிடாதீங்க! எந்திரிங்க!”

விஷயத்தைச் சொல்லி முடித்தார். ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார். பெரியவர் கையை உதறிவிட்டு, இவர் முகத்தைப் பார்க்காமலே எழுந்து போனார். பாதி தின்ற இலைகள்தான் மிச்சம்.

ரங்கசாமி சுவரோரம் உட்கார்ந்து செல்லை எடுத்தார். லால்குடியில் ஒரு ஓட்டலில் வேலை பார்க்கும் சிவசங்கர் எடுத்தான்.

“அண்ணே? நீங்களா?”

“சிவா, முட்டை பப்ஸ் வச்சிருந்தேன்னு உன்னை வெளிய தள்ளுனேன்ல... அன்னிக்குக் காலையில நான் கும்பிட்டு வந்தது ஆமைக்கறி கிண்டுன அகப்பைடா.”