லாப்டாப் பறிக்க வந்தவள்

நல்லா ஓடுது எண்டு ஆக்கள் சொல்லுற சாமானைப் பறிச்சுப்போட்டு, வேற ஒண்டைக் கையில திணிக்கிறதுதான் என்ரை தொழில். ஆலைகளில லாப்டாப்புகளை எடுத்துப்போட்டு, விழுந்தாலும் உடையாத தடிச்ச டேப்லெட்டுகளைக் குடுத்துப் பழக்கிறனான். இப்பிடிப் புதுசு பழக்கப்போய் வாங்கிக் கட்டின ஆக்கள் உங்களுக்குள்ளயும் இருப்பியள். என்ரை நோவு உங்களுக்குத்தான் விளங்கும்.

ஜேர்மனியில, டோர்ட்மண்டில பம்புக்கு உதிரிப்பாகம் செய்யிற ஒரு ஆலையில ஆறு கிழமை சோதனை. முடிவில மெசின் மண்டபப் பொறுப்பாளர் பெட்ரா 'வேணும்' எண்டு கையெழுத்து வைச்சால் என்ரை வேலை ஒப்பந்தம் நீளும். வேண்டாம் எண்டால் டேப்லெட்டோட நானும் வெளியில. பயம் இருந்தது, இல்லையெண்டு சொல்லமாட்டன்.

கையுறை

மெசினைப் பாத்துக் கடதாசியில எழுதி, பிறகு லாப்டாப்பில அடிக்கிறதுதான் அங்கத்தை வழக்கம். இனி மெசினுக்கு முன்னால நிண்டே படம் எடுத்து அனுப்பலாம் எண்டு பெருமையாச் சொன்னன். மெசின் திருத்திற குந்தர்தான் முதல் டேப்லெட்டை வாங்கினார்.

கையுறையோட தொட்டாலும் வேலை செய்யும் எண்டு விளம்பரத்தில இருக்கு. எண்ணெய் ஊறின குந்தரின்ரை கையுறைக்கு அது அசையவே இல்லை. கழட்டப் பாதுகாப்பு விதி விடாது. ரெண்டாம் நாள் போய்ப் பாக்கிறன், மனுசன் குனிஞ்சு மூக்கால அமத்திக்கொண்டு நிக்கிறார். வேற கையுறை எடுத்துத் தாறன் எண்டு ஓடினன். ஆற அமர நிமிந்து பாத்தார்.

"முப்பது வருசமா இங்க வேலை. மூக்கால செய்ய வைச்ச முதல் ஆள் நீதான்."

கோப்பி

லாப்டாப்பை எடுத்த கையோட, அது இருந்த, தள்ளிக்கொண்டு திரியிற சில்லு மேசையையும் களஞ்சியத்துக்கு அனுப்பிப்போட்டன். விசர் வேலை. காலமைக் கோப்பி எல்லாம் அந்த மேசையிலதான் இருந்திருக்கு. ஆக்களின்ரை கதை பேச்சும் அதைச் சுத்தித்தான். மூண்டு நாள் ஒருத்தரும் எனக்கு முகம் குடுத்துக் கதைக்கேல்லை.

நாலாம் நாள் குந்தர் டேப்லெட்டைத் தட்டமாக்கி, மூண்டு கோப்பைகளைத் தூக்கிக்கொண்டு வாறார். விளிம்பால கோப்பி வழியுது. ஐயோ, என்ன செய்யிறாய் எண்டு கத்திப்போட்டன்.

"தண்ணி பட்டாலும் ஒண்டும் ஆகாது எண்டு நீதானே சொன்னனி?"

மஞ்சள் படங்கள்

மேசையைத் திருப்பிக் குடுத்த பிறகு நிலைமை தணிஞ்சுது. கடைசிக் கிழமை பெட்ரா என்னைக் கூப்பிட்டா. திரையில பேரிங் படங்கள், எல்லாம் ஒரே மஞ்சள் மூட்டம். "வெடிப்பு இருக்கோ இல்லையோ எண்டே தெரியேல்லை. லாப்டாப்புக்கே திரும்பிப் போவம்" எண்டா.

அவ்வளவும் சிவம் அண்ணை எடுத்த படங்கள். யாழ்ப்பாணத்தால வந்த நாள் தொட்டு அந்த ஆலையில மெசின் பரிசோதிக்கிறவர். அவரின்ரை டேப்லெட்டைத் திருப்பிப் பாத்தன். கமராக் கண்ணில, துடைச்சும் போகாத சந்தனம்.

"சரஸ்வதி பூசையெல்லே பிள்ளை? வீட்டை கொண்டுபோய்ச் சாமிக்கு முன்னால வைச்சு எடுத்தனான்" எண்டார். "அந்த வட்டம் பாக்க நெத்தி மாதிரி இருந்துது." மனுசன் கண்ணாடி போடாமல் படத்தை எடுத்தெடுத்து அனுப்பியிருக்கிறார்.

ஆலைச் சாமான் வாசலைத் தாண்டினால் எழுத்தில எச்சரிக்கை வரும். அவருக்கு ஏற்கெனவே ஒண்டு கிடக்கு, இன்னொண்டு வந்தால் வேலை போகும். உண்மையைச் சொன்னால் அவர், சொல்லாட்டி நான். "கமரா பழுது எண்டே சொல்லுறன் அண்ணை" எண்டன், மனமில்லாமல்.

"எனக்காக நீ ஏன் பொய் சொல்லுறாய்? வா" எண்டு பெட்ராவிட்டை என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

ஒண்டும் ஒளிக்கேல்லை. வருசத்தில ஒருநாள், வேலை செய்யிற ஆயுதங்களைச் சாமிக்கு முன்னால வைச்சுப் பொட்டு வைக்கிறது எங்கட வழக்கம் எண்டு சொன்னார். பெட்ராவின்ரை முகத்தில ஒரு அசுமாத்தமும் இல்லை. "அப்ப லாப்டாப்பையும் வருசா வருசம் கொண்டுபோனனியோ?" எண்டு கேட்டா.

"இல்லை, என்ரை சொந்த ஸ்பனரைத்தான் வைப்பன்" எண்டார் அண்ணை. "லாப்டாப்பை நான் ஒருநாளும் ஆயுதமா நினைக்கேல்லை."

"அப்ப டேப்லெட் ஆயுதம்தான்" எண்டா பெட்ரா. பிறகு என்ரை தாளை இழுத்து, 'வேணும்' எண்ட பெட்டியில புள்ளடி போட்டுக் கையெழுத்து வைச்சா. எச்சரிக்கைப் படிவம் இருந்த மேசை லாச்சியைத் திறக்கவே இல்லை.

"வாற வருசம் பூசையை இங்க, என்ரை அறையில செய். டேப்லெட் வாசலைத் தாண்டக் கூடாது."

என்ரை ஒப்பந்தம் நீண்டிட்டுது. 'கமராவில் சந்தனம் பூச வேண்டாம்' எண்டு எங்கட கையேட்டில ஜேர்மன் பாசையில ஒரு வரி கூடியிருக்கு, ஏன் எண்டு இதுவரை ஒரு ஜேர்மன்காரரும் கேக்கேல்லை, எல்லாரும் ஒழுங்காப் பூசாமல் இருக்கினம்.