ஏழாவது டாக்ஸி

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறையும் இந்நாளில், அவர் கடைசிவரை வருந்திய ஒன்றை அவருக்காக எழுதி வைப்பது தம்பியாகிய என் கடமை.

நெல்லைச் சீமையில் பிறந்து, கைக்குழந்தையாக மும்பை தாராவிக்கு வந்தவர் அக்கா. தோல் பட்டறையில் அப்பா உழைத்த காசில் படித்து, தமிழ்ப் பள்ளியில் நான்காம் வகுப்பு ஆசிரியை ஆனார். கோபக்காரர்தான்; ஆனால் அவரிடம் அடி வாங்கிய பிள்ளை கிடையாது. வகுத்தல் கணக்கில் மீதியை எழுதினால் மட்டும் போதாது, அதை என்ன செய்வாய் என்பார். லட்டு மீந்தால் பிட்டுக் கொடுக்கலாம், பென்சில் மீந்தால் டப்பாவில் போடலாம். ஆள் மீந்தால்?

ஒருமுறை, தீபாவளி விடுமுறைக்கு முன் செம்பூர் பூங்காவுக்குப் போக ஏற்பாடானது. டாக்ஸி ஓட்டும் தகப்பன்மார் அன்றைய சவாரியை விட்டுவிட்டு வருவதாக ஒப்புக்கொண்டார்கள். அதையே கணக்காகப் போட்டார் அக்கா: இருபத்தைந்து பிள்ளைகள், டாக்ஸிக்கு நால்வர். ஆறு, மீதி ஒன்று என்றது வகுப்பு.

“மீதி ஒரு பிள்ளைய ரோட்டுல விட்டுட்டா போவிய? அந்த ஒண்ணுக்காவயும் ஒரு டாக்ஸி வேணும்,” என்றார் அக்கா.

பிள்ளைகள் எல்லோரும் முத்துச்செல்வியைத் திரும்பிப் பார்த்தார்கள். குர்லாவிலிருந்து வருஷ நடுவில் இருபத்தைந்தாவதாக வந்து சேர்ந்தவள் அவள்தான். அக்கா அதைக் கவனிக்கவில்லை.

மறுநாள் பூங்காவுக்குப் புறப்படும் நேரத்தில் அவள் வரவில்லை. அக்காவே வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டார்.

“தன் ஒருத்திக்காவ ஒரு அண்ணாச்சிக்குச் சவாரி போயிரும்னு ராத்திரியெல்லாம் அழுதா டீச்சர்,” என்றார் அவள் அம்மா.

கதவுக்குப் பின்னால் நின்றவள் அசையவில்லை. டாக்ஸிகள் காத்திருந்ததால் அக்கா திரும்பிவிட்டார். பிள்ளைகளை ஆறு டாக்ஸிகளில் ஏற்றிவிட்டு ஏழாவதில் தான் ஏறி உட்கார்ந்தபோதுதான் அவருக்கு உறைத்தது. பிள்ளைகளை எண்ணியவர் தன்னை எண்ணவே இல்லை. முத்துச்செல்வி வராவிட்டாலும் ஏழு டாக்ஸிதான்.

விடுமுறை முடிந்ததும் அதை அவளிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தார். ஊருக்குப் போன அந்தக் குடும்பம் தாராவிக்குத் திரும்பவில்லை. எங்கே இருக்கிறார்கள் என்று எத்தனையோ பேரிடம் விசாரித்தும் தெரியவில்லை. ஆஸ்பத்திரியிலும் என் கையைப் பிடித்துக்கொண்டு, “அன்னிக்குச் சாயங்காலமே போயிருக்கணும் தம்பி,” என்றார்.

அக்காவை மாறிமாறிப் பார்த்துக்கொண்ட அக்கம்பக்கத்தாருக்கும், இறுதிவரை உடன் வந்த டாக்ஸி அண்ணாச்சிமாருக்கும், பழைய மாணவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. முத்துச்செல்வியைத் தெரிந்தவர்கள் இந்த நினைவு மலரை அவரிடம் சேர்க்க வேண்டுகிறேன். தமிழ் வாசிப்பு மறந்திருந்தால் வாசித்துக் காட்டுங்கள்.

அம்மா முத்துச்செல்வி, அந்த டாக்ஸி உங்களால் வந்தது அல்ல. எங்கள் அக்காவுக்கு எப்படியும் அது வேண்டியிருந்தது. அவர் பக்கத்தில் உங்கள் இடம் காலியாகவே போய்வந்தது.